ஆறாம் வகுப்பு, முப்பத்தெட்டு நோட்டுகள்

கேள்வி என்னுடையதுதான்:
உன் வீட்டில் உள்ள எளிய எந்திரங்களைக் கண்டறிந்து எழுதுக.
கோழி பிடிக்கப் போவதுபோல் ஓடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தூரில் மின்சாரம் இல்லை.
விசிறிக்கொண்டே திருத்துகிறேன்.

அழகம்மை: பாக்குவெட்டி. நெம்புகோல், இரண்டாம் வகை.
வகையை யார் கேட்டது? சரிதான் ஆனாலும்.
சாகுல்: முறுக்கு பிழியும் திருகு.
படத்தில் முறுக்குதான் பெரிசு.
கிணற்றுக் கப்பி இருக்கிறது சார், கயிறு இல்லை,
தண்ணீரும் இல்லை என்கிறாள் ராக்காயி.
அதற்குக் கப்பி என்ன செய்யும். முழு மதிப்பெண்.

அரிவாள்மனை ஆப்பு, ஜிப்பு ஆப்பு,
தாத்தா பல் குத்தும் குச்சியும் ஆப்பு.
கனகவல்லி: அம்மா தோட்டின் திருகு.
கீழே பொடி எழுத்தில்,
தோடு அடகுக்கடையில் இருக்கிறது,
இதை வீட்டில் உள்ளது என்று எழுதலாமா?

எழுதலாம்.

காத்தமுத்துவுக்குக் கடப்பாரை.
அவன் அப்பா அதை வைத்துத்தான் பெரிய வீடுகளைப் பிரிக்கிறார்.
நிலை, கதவு, தூண், உத்தரம்,
எல்லாம் காரைக்குடிக் கடைக்கு.
தாங்குபுள்ளி எப்போதும் அடுத்தவர் சுவர்.

அப்புறம் அடைக்கலமேரி.
கோலாலம்பூரில் இருப்பவர்களின் வீட்டுக்குக்
காவல் இருக்கிற குடும்பம்.
சக்கரமும் அச்சும்: அண்ணன் நாற்காலி.
அது வளவைச் சுற்றி வரும்.
சாய்தளம்: எங்கள் வீட்டில் இல்லை.
வாசலில் ஐந்து படி.
மழைத் தண்ணீர் வெளியே போக ஓட்டை இருக்கிறது.

சிவப்புப் பேனா அந்த வரிமேல் நின்றதில்
மை ஊறி ஒரு புள்ளி.
உள்ளதைக் கேட்டேன்,
இல்லாததைக் கண்டறிந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காத்தமுத்துவின் அப்பாவிடம்
ஒரு கதவு இரவல் கேட்டேன்.
எதுக்கு சார்? படுக்கவைக்க.
சிரித்தார்.
பர்மாத் தேக்கு, ஏழடி. படிகளின் உயரம் மூன்றடி.
வைத்துப் பார்த்தோம்: ஏறினால் மலை, இறங்கினால் கிணறு.
இன்னொரு கதவையும் சேர்த்துப் பதினாலடி ஆக்கி,
நடுவில் செங்கல் கொடுத்து,
பித்தளைக் குமிழ்களைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினோம்.

எந்திரம் எதையும் சும்மா தருவதில்லை.
வட்டிக்கடை மாதிரி அது.
விசையில் விட்டுக்கொடுத்ததைத்
தூரத்தில் வசூலித்துவிடும்.
இதை வகுப்பில் பதினோரு வருடமாகச் சொல்கிறேன்.
அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது.

முன்னால் நான் தாங்க, பின்னால் மேரி பிடிக்க
சவரிமுத்து இறங்கினான்.
சக்கரம் உருள உருளக் கீழே
கதவின் வளையம் கலகலத்தது,
யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல்.
தெருவுக்கு வந்ததும் அவன் எதையும் வியக்கவில்லை.
எதிர் டீக்கடையைப் பார்த்து,
அங்கேயும் ரெண்டு படி இருக்கு என்றான்.

வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.
கதவுகளுக்கு விலை பேசியாகிவிட்டது.
கனமான கதவுகள்,
லாரியில் ஏற்ற
நீளமாய் இரண்டு பலகை சாய்த்து வைப்பார்களாம்.

அந்தப் பலகைகளைக் கேட்க வேண்டும்.