நூற்றுப் பன்னிரண்டாம் பார்

முதல் நாளே சுமித்ரா ஹெப்பார்
எங்கள் நான்கு ஸ்டாண்டுகளையும் மடித்துத்
தன் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டார்.
காகிதத்தைப் பார்த்துக்கொண்டு
யாராவது சண்டை போடுவார்களா
என்று கேட்டார், கன்னடத்தில்.

காக்ஸ் டவுன், பேக்கரிக்கு மேல் மாடி.
பன் வேகும் வாசனையில் கதை பிரித்தோம்:
அம்மா போன பிறகு மூன்று பிள்ளைகள்
ஒரு வீட்டைப் பங்கு போடுகிறார்கள்.
இவாஞ்சலின் மூத்தவள், முதல் வயலின்,
சாவிக்கொத்து அவள் இடுப்பில்.
போபண்ணா, துபாயிலிருந்து வந்த தம்பி.
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற
கடைக்குட்டி நான்.
வியோலாவுக்கு வேறென்ன கிடைக்கும்.
செல்லோவைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது,
ஆகவே ஜெபதுரைதான் வீடு.

நடக்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும்,
கோபமும் வர வேண்டும்.
வில் நீளுமிடத்தில் இன்னொருவர் முகம் இருக்கும்.
போபண்ணாவின் கண்ணாடியை இரண்டு முறை உடைத்தேன்.

மெட்ரோவில்தான் மனப்பாடம் செய்தேன்.
பையப்பனஹள்ளியில் தொடக்கம்,
இந்திரா நகரில் சுருதி மாறும்,
ஹலசூரில் பதினாறு பார் சும்மா இருப்பேன்,
டிரினிட்டி தாண்டியதும் நூற்றுப் பன்னிரண்டு:
அக்கா பத்திரத்தை நீட்டுகிற இடம்.
என் இடதுகை விரல்கள் காற்றில் நடுங்குவதைக் கண்டு
எதிரே இருந்தவர்
வலிப்பென்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.
குடித்தேன்.

அன்று எழுபது பேர்,
பிளாஸ்டிக் நாற்காலிகள்.
இவாஞ்சலின் என்னை நோக்கி நடந்து வந்தாள்,
வில்லின் நுனி என் நெஞ்சுக்கு நேரே.
டிரினிட்டிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் நடுவே
ரயில் நின்றுவிட்டது.
விளக்கும் அணைந்தது, எனக்குள் மட்டும்.
வில் கம்பியில் கிடக்கிறது.
கை வரவில்லை.

பார் என்றால் தாளத்தில் ஒரு கட்டம்
என்றுதான் இருபது வருடம் பழகியிருந்தேன்.
பார், என்றார் ஜெபதுரை,
வாயால் இல்லை, புருவத்தால்.
பிறகு என் வரியை எடுத்துத்
தன் தடித்த கம்பியில் வாசித்தார்,
ஒரு ஸ்தாயி கீழே,
சுவருக்குள் யாரோ முனகுவதுபோல்.
அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத வீட்டை
மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.

முடிந்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஓர் அம்மாள்,
மூக்கு சிவந்து,
கைக்குட்டையை உள்ளங்கையில் சுருட்டியபடி:
"கையெழுத்துப் போட மாட்டேன்னு சின்னவன் நின்னானே,
வீடே பேசுச்சே, அது யாரோட யோசனை?"
"இவனோடது" என்றார் ஜெபதுரை,
செல்லோ உறையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே.

சுமித்ரா அதை அப்படியே வைத்துக்கொண்டார்.
மைசூரிலும் ஹூப்ளியிலும்
சரியாக அந்த இடத்தில் மறக்கிறேன்,
ஒன்பது பார்.
குறைந்தாலும் கூடினாலும் திட்டு விழும்.
மறப்பதற்குத்தான் இப்போது ஒத்திகை அதிகம்.

ஸ்டாண்டுகள் இன்னும் அந்த டிக்கியில்தான்;
ஸ்பீட் பிரேக்கரில் கார் ஏறும்போதெல்லாம்
நாலும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன.

நேற்றிரவு கடைசி ரயிலில்
அந்த ஒன்பதும் தானாக வந்தன,
ஒன்றுகூடப் பிசகாமல்.
எம்.ஜி. ரோட்டில் இறங்க மறந்து
கப்பன் பார்க் வரை போய்விட்டேன்.