பத்துக் கைநாட்டு

எட்டாவது வரை படித்தவள் நான்.
ரேஷன் கடை மெஷினைத் தவிர
யாருக்கும் கைநாட்டு வைத்ததில்லை.
மகளிர் குழு நோட்டில்
மாதேஸ்வரி என்று இழுத்து எழுதுவேன்,
வரி கோணினாலும் கையெழுத்து.

இன்று தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
ஒரே மூச்சில் பத்து.

முபீனா, டாக்டருக்கு மேலே படிக்கிற பெண்,
கண்ணாடித் தகட்டில் மையைப் பரப்பினாள்.
"புளி கொட்டை எடுக்கிற வேலையாக்கா?
தேய்ஞ்சு கிடக்கே."
பாப்பிரெட்டிப்பட்டி குடோனின் ஆறு வருஷம்
ஸ்பிரிட் பஞ்சில் பழுப்பாக வந்தது.
முதல் தாள் கெட்டது. இரண்டாவதும்.
மூன்றாவதில் மெல்லத் தெரிந்தன,
ஏரி வற்ற வற்றக் கரையில் நிற்குமே,
அந்த மாதிரிக் கோடுகள்.

லென்சுக்கு அடியில் ஊசி முனையால் எண்ணினாள்.
வளையம் எத்தனை, சுழி எத்தனை.

சுழி என்றதும் வயிறு இறுகியது.
சுழி பார்த்து மாடு வாங்குகிற வீடு எங்களுடையது.
பொண்ணுக்குத்தான் பார்க்காம விட்டுட்டோம் என்று
ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போன பஸ்ஸில்
மாமியார் சொன்னாள்,
டிரைவருக்கும் கேட்டிருக்கும்.

"இது ரேகை ஜோசியம் இல்லக்கா."
அம்மா வயிற்றில் மூணு நாலு மாசத்திலேயே
இந்த வரிகள் விழுந்துவிடுமாம்.
அப்போது உள்ளே ஏதாவது பிசகியிருந்தால்
விரலிலும் ஒரு தடம் இருக்கலாம்.
இருக்கலாம், அவ்வளவுதான்.
யாருக்கு முதலில் ரத்தம், ஸ்கேன் எழுதுவது என்று
இதை வைத்துச் சொல்ல முடியுமா பார்க்கிறார்கள்.
முடியாமலும் போகலாம்.

கலாம், கலாம் என்று
ஆறு வருஷத்தில் என்னிடம் யாரும் பேசியதில்லை.
உட்கார்ந்த ஸ்டூல்கூட மெத்தென்றிருந்தது.

பிறகு நிமிராமலே கேட்டாள்,
"அவர் வரலையா? ஆம்பளைங்களுக்கும் எடுக்கிறோம்."

திம்மராசு புங்கமரத்தடியில்
வண்டி மேல் உட்கார்ந்திருந்தான்.
கிரானைட் பாலிஷ் போட்டுப் போட்டு
அவன் கட்டைவிரலை ரேஷன் மெஷினுக்கே அடையாளம் தெரியாது.
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"என்ன சொன்னாங்க?"
"உன்னைக் கூப்பிடுறாங்க."
"எனக்கு எதுக்கு?"
கை இரண்டும் பாக்கெட்டுக்குள் போய்விட்டன.

என் மை இன்னும் காயவில்லை.
முழுக்கைச் சட்டையோடு பிடித்து இழுத்தேன்.
தங்கச்சி கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை.
ஐந்து விரலும் விழுந்தன,
மூன்றாவது தாளைவிடத் தெளிவாக.

"போகாதுடி இது" என்று
எச்சில் தொட்டுத் தேய்த்தான். பரவியது.

உள்ளே டோக்கன் நாற்பத்தொன்றை
இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டார்கள்.