பத்து புள்ளி ஒன்பது

தக்குவரெம்போவில் நான் கறிக்கடைக்காரன்.
மனிதரைவிட மாடுகள் அதிகமுள்ள ஊர்.
ஒதிலியா பன்னிரண்டு வயதிலிருந்து
இறைச்சி தொட்டதில்லை.
தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாள்.
இது இருபத்தாறாம் வாரம்.

"உன் பிள்ளைக்குப் புல்லா போடுகிறாய்?"
விலா எலும்பு வாங்க வந்த அக்குஞா கேட்டார்.
அன்று அவருக்குக் கொழுப்பை
வெட்டாமலே நிறுத்துக் கொடுத்தேன்.

சுகாதார நிலையத்தில் தாதி
ரத்தச் சீட்டைப் படித்தாள்: ஒன்பது புள்ளி நான்கு.
படித்துவிட்டு அவள் பார்த்தது
ஒதிலியாவை அல்ல, என் கையை.
நகக்கண்ணில் காலை வெட்டிய கன்று.

இரவு, ஈரல் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"வேண்டாம்" என்றாள்.
வாய் மூடிக்கொண்டது.

இப்போது கடை அடைத்ததும்
முழங்கைவரை சோப்பு,
அப்புறம் எலுமிச்சைத் தோல்,
விரலை முகர்ந்து, மறுபடி சோப்பு.
அதன்பிறகுதான் பருப்பில் கை வைக்கிறேன்.
இரும்புச் சட்டி, பசலை, ஒரு பிடி பூசணி விதை.
இறக்கியதும் எலுமிச்சையைப் பிழிகிறேன்:
புளிப்பு இருந்தால்தான் இரும்பு உடம்பில் ஒட்டுமாம்.
மாத்திரைகளை அவளே எண்ணி விழுங்குகிறாள்.
சாப்பிட்ட கையோடு மாத்தே கூடாதாம்;
அந்த ஏக்கம் அவளுக்கு இறைச்சியில் இல்லை, இதில்தான்.
நான் பின்வாசலில் நின்று
திருட்டுத்தனமாக உறிஞ்சுகிறேன்.
"சத்தம் கேட்கிறது" என்கிறாள் உள்ளிருந்து.

நேற்று அடுத்த சீட்டு வந்தது.
எண்ணைப் பெரிதாக எழுதித்
தராசுக்கு மேலே ஒட்டினேன்.
அக்குஞா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
அண்ணாந்து பார்க்கிறார்:

"பத்து புள்ளி ஒன்பதா?
எந்தத் துண்டு இவ்வளவு மலிவு?"