வலம் ஒடித்தால் இடம்

பத்தொன்பது வருசம்
நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிவைத்து
நகக்கண்ணைவிடச் சின்னதில்
பிசிறு தேடியவளை
நாற்பதடிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்,
புக்கிட் தெங்காவில் ஒரு சரளை மைதானத்தில்.

கைருலுக்கு இருபத்தேழு வயசு.
எனக்கு அவன் சார். அவனுக்கு நான் 'கக்'.
"தலையைப் பார்க்காதீங்க கக்,
வால் எங்கே போகுதுன்னு பாருங்க"
என்பான் மலாயில்,
வெயிலுக்குக் காலி அட்டைப்பெட்டியைக்
கவிழ்த்துக்கொண்டு.

முன்னால் போக யாருக்கும் வரும்.
பின்னால் போகையில்தான்
வலம் ஒடித்தால் இடம் போகிறது,
இடம் ஒடித்தால் வலம்.
கொஞ்சம் கூடுதலாக ஒடித்தாலோ
தலையும் உடம்பும் மடங்கி
சண்டை போட்ட புருசன் பெண்டாட்டி மாதிரி
ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

முதல் வாரம் ஆறு கம்பம் சாய்த்தேன்.
மீன் விற்றுக்கொண்டிருந்த பூன் ஹாவ்
ஏழாவதைக் கட்டிப்பிடித்து நின்றான்:
"நான் இருக்கேன், இடிக்க மாட்டீங்க."
அவன் தப்பித்தான்.
கம்பம் விழுந்தது.

மாட்டும் பாடம் எனக்குப் பிடித்தது.
தலைவண்டி பின்னால் நகர்ந்து நகர்ந்து
டக்.
அதோடு முடியாது.
இறங்கி, குனிந்து, டார்ச் அடித்து
தாழ் விழுந்ததா பார்க்கணும்.
சிவப்புக் குழாய், மஞ்சள் குழாய், விளக்கு வயர்.
முட்டுக்கால்களைச் சுழற்றித் தூக்கணும்.
பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்க்கணும்,
வருகிறாயா என்று.
மற்றவர்கள் சத்தத்தை நம்பி எழுந்துவிடுவார்கள்.
நான் குனிந்தே இருப்பேன்.
கியூ.சி.யில் இருந்தவள்.

"ஆட்குறைப்புப் பணத்தில்
நாசி லெமாக் கடை போடலாம், மீனா"
என்றார் சேவியர்.
பதில் சொல்லாமல்
பள்ளிக் கட்டண ரசீதை
ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
முதல் தேர்வில் தோற்றேன்.
மறுதேர்வுக்கு இன்னொரு ரசீது.
அதை அவர் ஒட்டினார்.

பிறை என்று ஊருக்குப் பேர்.
விடிகாலை நாலுக்கு அங்கே வானத்தில் ஒன்றுமில்லை,
பாரந்தூக்கிகளின் சிவப்பு விளக்குகள் தவிர.
கம்பெனிச் சட்டை தோளில் தொங்கியது;
பெண் அளவு அவர்களிடம் இல்லையாம்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் பெட்டி ஏறியது.
உள்ளே என்னவோ.
சீல் எண்ணை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.
மூன்றாவது தடவை படித்தது
போகவேண்டிய முகவரியை.
பாயான் லெப்பாஸ். மூன்றாம் கட்டம்.
எந்தக் கட்டடம் என்று
எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

பாலத்தில் காற்று
பெட்டியின் விலாவைத் தட்டிப் பார்த்தது.
முதுகில் எண்பது என்று ஒட்டியிருக்கிறது,
அதற்கு மேல் எனக்கும் ஆசையில்லை.
கீழே, ஓரப் பாதையில்
காலை ஷிப்டுக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்கள்.
மேலிருந்து பார்த்தால்
எல்லாம் ஹெல்மெட்டின் உச்சி.
இதில் ஒன்று மல்லிகாவாக இருக்கலாம்.
ஹார்ன் அடித்தால் பயப்படுவாள்.

வாசலில் தில்பகதூர்.
ஆறு வருசம் தினமும் மாலை
என் கைப்பையைத் திறந்து பார்த்தவர்.
அண்ணாந்தார். என்னைத் தெரிய நேரமானது.
"பை எங்கே அக்கா?"
கட்டைவிரலால் பின்னால் காட்டினேன்.
பெரிய கதவைத் திறந்தார்,
எங்களுக்கெல்லாம் திறக்காத கதவு.

நாலாம் நம்பர் மேடை.
இரண்டு லோரிகளுக்கு நடுவில்
ஒரு கை நுழையும் இடம் மிச்சம்.
ஒரு டிரைவர் சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வந்தான்.
வலம் ஒடித்தேன்.
நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு,
மறுபடி ஏறி, நேராக்கி,
இன்னொரு தடவை.
ரப்பரில் முட்டியது, மெதுவாக.
சிகரெட் தீருமுன் அவன் போய்விட்டான்.

இறக்க இரண்டு மணி நேரம்.
சுவரோரம் நின்று மைலோ குடித்தேன்.
இரண்டாம் மாடி. கிழக்கு மூலை.
உள்ளே ஜன்னல் இல்லையென்று தெரியும்.
வெளியே நின்றாலும்
இதுதான் என் இடம் என்று காட்ட
ஒரு கீறல்கூட இல்லை.
வெள்ளை. சுத்தமான வெள்ளை.
என்னைக் கேட்டிருந்தால்
பிசிறில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மேடைப் பையன் பெட்டியைத் தட்டினான்.
காலி.

வண்டியை முன்னால் எடுத்தேன், நிறுத்தினேன்.
யாரும் கழற்றவில்லை, தெரியும்.
ஆனாலும் இறங்கினேன்,
குனிந்தேன்,
டார்ச் அடித்தேன்.