பதினைந்து வாட்

தைஸ்தோவின் கராஜில் மூன்று பெட்டிகள்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
வால்வுகள் சூடேறும்வரை
காப்பிக் கோப்பையில் கையைச் சுட வைத்து நின்றோம்.

முதலாவது ஐம்பது வாட்.
தூக்கிப் பார்த்தேன். முதுகு வேண்டாமென்றது,
காது வேண்டுமென்றது.
"ஒன்றில் வைத்தால் இது முனகும்.
ஐந்தில் வைத்தால்தான் வாய் திறக்கும்.
ஐந்தில் வைத்தால்
குடியிருப்புச் சங்கம் உன்னை வெளியே வைக்கும்" என்றார்.
விற்க வந்தவர் பேசும் பேச்சா இது?

இரண்டாவது ஐந்து வாட்.
ரொட்டிப் பெட்டி அளவு, முகத்தில் பச்சைத் துணி.
தந்தியைத் தொட்டேன்,
உடனே திரும்பிப் பார்த்தது.
பணத்தை எண்ணத் தொடங்கியபோது
உர்போவின் நினைவு வந்தது.
எங்கள் டிரம்மர். பகலில் கூரைப் பனி தள்ளுகிறவன்.
சிம்பலை அவன் அடிப்பதில்லை, வெட்டுகிறான்.
அவன் பக்கத்தில் இந்த ஐந்து வாட்
கல்யாணப் பந்தியில் ரகசியம் சொன்ன மாதிரி.

மூன்றாவது பதினைந்து.
இடது மூலையில் யாரோ சிகரெட்டால் சுட்ட தழும்பு.
முதுகில் ஒரு சின்ன சுவிட்ச்: முழுசு, பாதி.
பாதி என்றால் பாதிச் சத்தம் என்றிருந்தேன்.
தைஸ்தோ தட்டிக் காட்டினார்.
கதவை ஒரு விரற்கடை சாத்தின அளவே வித்தியாசம்.
காது அப்படித்தான் கணக்குப் போடுமாம்,
கடன்காரனைப் போல,
பாதி கொடுத்தாலும் முழுசும் பாக்கி.

நானூற்று முப்பது யூரோ.
ஒரு வால்வு சிணுங்குகிறதே என்றேன், இருபது குறைத்தார்.

ஹெர்வன்டாவில் ஏழு மாடிக் கான்கிரீட்டில் நான் நான்காவது.
என் தரைக்கு அடியில் ஒட்சோ,
விடிகாலை முதல் டிராமை ஓட்டுகிறவர்.
அவருடைய நள்ளிரவு
மாலை ஏழரைக்கே வந்துவிடுகிறது.
நான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்து
பூட்ஸைக் கழற்றும்போது மணி ஏழு.
ஆக எனக்கு அரைமணி நேரம், எண் ஒன்றில்.
ஒன்றில் அது போர்வைக்குள்ளிருந்து பேசுகிறது.
வார்த்தை விளங்குகிறது,
ஆள் யாரென்று தெரியவில்லை.

பிஸ்பலாவில் ஒரு பாரில் வாசித்தோம்.
ஒலி பார்க்கும் பெண் அதன் மூஞ்சியில் மைக்கை நிறுத்தி
"குறை, இன்னும் குறை" என்றாள்.
மூன்றில் நின்றது.
உர்போ வெட்டினான். யாரோ பீரைக் கொட்டினார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.
நன்றாகத்தான்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு
பனிச்சறுக்குக் கட்டைகளை எடுக்கக் கீழே போனேன்.
எங்கள் கட்டடத்துக்கு அடியில்
குண்டு விழுந்தால் ஒளிய ஓர் அறை உண்டு.
குண்டு விழாத வருஷங்களில் அங்கே
சைக்கிள்கள், டயர்கள், யாரோ விட்டுப்போன தொட்டில்.
எஃகுக் கதவு. சாத்த இரண்டு கை வேண்டும்.
விளையாட்டுக்குச் சாத்தினேன்.
என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.

லிஃப்டில் மேலே போய்
பதினெட்டு கிலோவையும் தூக்கி வந்தேன்.
சுவரில் ஒரே ஒரு பிளக், அதற்கும் உயிர் இருந்தது.

நான்கில் தொண்டையைக் கனைத்தது.
ஆறில் தோளை நிமிர்த்தியது.
ஏழில்
ஒரே ஒரு தந்தியை அடித்துவிட்டுக்
கையை எடுத்துவிட்டேன்.
அது போகவில்லை.
ஓரம் பிய்ந்து, மணல் கலந்து,
இரும்புச்சட்டி போலச் சூடாக
அங்கேயே நின்றது.
சைக்கிள் கம்பிகளெல்லாம்
கேட்காமலே கூடச் சேர்ந்துகொண்டன.

கதவு அசைந்தது.
ஒட்சோ. ஒரு கையில் ஒற்றைக் கட்டை.
குமிழுக்குப் பாய்ந்தேன்.

"மேலே தினமும் கேட்பது இதுவா?"
"இதுதான்."
"கெட்டுப்போன ரேடியோ என்று நினைத்தேன்.
சரிபண்ணத் தெரிந்தவர்
எண் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
கட்டையைச் சுவரில் சாய்த்தார்.
உள்பக்கமிருந்து, இரண்டு கையாலும்,
கதவை இழுத்துச் சாத்தினார்.

"குளிர் வரும்" என்றார்.