படிக்கல்லுக்குப் படிக்கல்

கன்பராவில் கடைத் தராசுகளைச் சோதிப்பது என் வேலை.
ஃபிஷ்விக் சந்தையில், காலை ஏழு மணிக்கு,
இறைச்சிக்கடை டார்கோ
என்னைக் கண்டதும் தட்டைத் துடைப்பார்.
பயத்தில் அல்ல, பழக்கத்தில்.

ஒரு கிலோக் கல்லை வைத்தேன்.
ஆயிரத்து நான்கு என்றது.
'நாலு கிராம்தானே, ஈரல் துணுக்கு' என்றார்.
சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது?
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
பிறகு கேட்டார்:
'உன் கல்லை யார் நிறுப்பது?'

நியாயமான கேள்வி.
சிட்னியில் இதைவிடத் திறமான கல் இருக்கிறது.
அதற்கும் மேலே ஒன்று பாரிசில் இருந்தது,
குடுவைக்குள் குடுவைக்குள் குடுவையாக,
நூறு வருஷத்துக்கு மேல்.
ஒருநாள் எடுத்துப் பார்த்தால்
தன் பிரதிகளோடே ஒத்துப்போகவில்லை.
ஆனாலும் அது தேய்ந்துவிட்டது என்று
சட்டப்படி ஒருவரும் சொல்ல முடியாது.
அது எவ்வளவோ
அதுதான் கிலோ.

மதியம் ஏரிக்கரைக்குப் போனேன்,
நாட்டின் கடைசி நீதிமன்றத்துக்கு.
வழக்கு தவயோகனுடையது அல்ல.
ஆனால் வில்லவுட் தடுப்பு முகாமில்
ஒன்பது வருஷமாக அவன் இருந்தது
அந்த வழக்குக்குள்தான்.

வாசலில் காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.
பஞ்சில் பதிந்து கிடந்தன கற்கள்,
பெரியதிலிருந்து நகக்கண் அளவு வரை.
'இவற்றை உள்ளே விட முடியாது, மேடம்.'
ஒரு வில்லை தந்தார். எண் பதினேழு.

ஏழு பேர் வந்து அமர்ந்தார்கள்.
எழுந்தோம், தலை தாழ்த்தினோம், இருந்தோம்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
அனுப்ப நாடில்லாத ஒருவரை
முடிவில்லாமல் அடைத்து வைப்பது செல்லாது.
இருபது வருஷத்துக்குச் சற்றுக் குறைய முன்னால்
இதே மன்றம், வேறு ஏழு பேர்,
செல்லும் என்றிருந்தார்கள்.
நாலுக்கு மூன்று.
காரணங்கள் பின்னர் வரும் என்றார்கள்.
மறுபடி எழுந்தோம்.

மந்திரிக்குத் தேர்தல் உண்டு.
டார்கோவுக்கு நான் உண்டு.
இவர்களுக்கு இவர்கள்தான்.
அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.
மந்திரி கையில் தராசு போனால்
என்ன ஆகும் என்று
பார்த்துவிட்டு வந்தவள் நான்.
சொந்தப் பிழையைச் சொந்த வாயால் திருத்தும் மேசை
உலகத்தில் எத்தனை இருக்கிறது?
இதெல்லாம் தெரியும்.
தெரிந்தும்
அந்தக் கண்ணாடிச் சுவரின் உயரம் முழுக்க
கண்ணால் தேடினேன்,
அந்த ஒரு கட்டத்தை.

தவயோகன் எடுத்தான்.
பின்னால் யாரோ கத்திச் சிரிக்கிற சத்தம்,
யாரோ அழுகிற சத்தம்.
'அக்கா, ஒரு சின்னச் சந்தேகம்.
இண்டைக்கு இருந்து பிழையோ?
இல்லாட்டி
நான் உள்ளுக்கு வந்த முதல் நாளே பிழையோ?'
காரணங்கள் பின்னர் வரும் என்றேன்.
வேறென்ன சொல்ல.

வில்லையைக் கொடுத்துப் பெட்டியை வாங்கினேன்.
எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன.

அடுத்த வாரம் டார்கோவின் தராசு
ஆயிரம் என்றது, அச்சொட்டாக.
படிவத்தை நீட்டினார். மாட்டுக் கொழுப்புக் கறை.
அந்தக் கட்டத்தில்,
பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில்:
தெரியாது. மன்னிக்கவும்.

விதிப்படி அது பதில் ஆகாது.
திகதி போட்டு
ஏற்றுக்கொண்டேன்.