பாதி வண்டி

வண்டியில் பாதி எனக்கு, பாதி ஒதிலியாவுக்கு.
எந்தப் பாதி என்று கடைக்காரன் எழுதித் தரவில்லை.
விடிய மூன்று மணிக்கு
சூளை மூட்ட அவள் எடுத்துப் போவாள்.
பத்துக்குக் கொண்டுவந்து
சாவியை என் ஜன்னல் கம்பியில் மாட்டுவாள்.
நண்பகலில் இருந்து ஐந்து வரை
எர்மோசியோ முழுக்க ரொட்டி சுமப்பது நான்.

பாலைவனத்து மார்ச் இப்படித்தான்.
அவள் கிளம்பும்போது எட்டு டிகிரி,
சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் புருஷனின் சட்டை.
நான் கிளம்பும்போது முப்பத்தைந்து,
தார் மினுங்கத் தொடங்கியிருக்கும்.
ஒரே நாள்தான்.
ஒரே எஞ்சின்தான்.

முதல் வாரம், சொலிதாரிதாத் சாலை சிக்னலில்
வலது கெண்டைக்கால் வெந்தது.
புகைக்குழாயில் பூசி அனுப்பிய ஏதோ மெழுகு
கருகி நாறியது.
புதுசு அப்படித்தான், பிஸ்டனுக்கும் சுவருக்கும்
இன்னும் பழக்கமில்லை என்றான் மெக்கானிக் ஃபெர்மின்.
ஐம்பதைத் தாண்டாதே.
ஒரே வேகத்திலும் ஓட்டாதே.
நீளமான சிக்னலில் அணைத்துவிடு.
அணைத்தேன்.
அணைந்த பிறகும் டிக், டிக் என்று
உள்ளே யாரோ சொடக்கு எடுப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்,
பின்னால் பேருந்துக்காரன் ஹாரனில் ஏறி உட்காரும் வரை.

குனிந்து பார்த்தால்
குளிர்த் தகடுகளின் இடுக்கில்
பழுப்பாய், மொறுமொறுவென்று ஏதோ.
மாவு.
எங்கள் உடுப்பிலிருந்து பறந்து, அங்கே படிந்து,
வெந்தே விட்டிருந்தது.
காற்று போக வழியில்லாமல் எஞ்சின் என்ன செய்யும்.
பன்னுக்கு முட்டை பூசும் தூரிகையால்
இடுக்கு இடுக்காய்ச் சுரண்டினேன்.
தூரிகை விஷயத்தை ஒதிலியாவிடம் சொல்லவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் நெருங்க, எண்ணெய்ச் சண்டை.

இருபது-ஐம்பது என்றேன் நான்.
மார்ச்சிலேயே இப்படி என்றால்
ஜூனில், நாற்பத்தாறில்,
மெலிந்த எண்ணெய் தண்ணீராய்ப் போய்விடும்.
பத்து-நாற்பது என்றாள் அவள்.
விடியலில் நான் உதைக்கும்போது
உன் கெட்டி எண்ணெய் சோம்பல் முறித்து மேலே ஏறுவதற்குள்
இரும்பு வெறும் வாயை மெல்லும்.
இந்த ஊரில் குளிரைப் பற்றிப் பேசும்
ஒரே ஆள் நீதான் என்றேன்.
இந்த ஊரில் மூன்று மணியைப் பார்த்த
ஒரே ஆளும் நான்தான் என்றாள்.

நான்கு நாள் சாவி பேசியது, நாங்கள் பேசவில்லை.

ஃபெர்மினிடம் பிக்கப் வண்டிக்கு வாங்கி மிஞ்சியது ஒரு கேன்,
பாதி விலைக்குத் தருகிறேன் என்றான்.
கார் எண்ணெய், கிளட்ச் வழுக்கும் என்று
இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம்.
சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

அன்றிரவு கையேட்டைப் பிரித்து வைத்தாள்.
முதல் எண் குளிருக்கு, இரண்டாம் எண் சூட்டுக்கு.
அது எனக்கும் தெரியும்.
முதல் எண் அவள், இரண்டாம் எண் நான் என்பதுதான்
அதுவரை தெரியவில்லை.
அட்டவணையில் ஒரு நீளமான கோடு
அவள் விடியலில் தொடங்கி என் மதியத்தைத் தாண்டிப் போனது:
பத்து-ஐம்பது.
விலை கூடுதல்.
அதிலும் பாதி பாதி.

ஞாயிறு மாலை, எஞ்சின் வெதுவெதுப்பாய் இருக்கையில்
அடித்திருகைக் கழற்றினேன்.
நெளிந்துபோன ரொட்டித் தட்டு ஒன்றில்
கறுப்பாய் இறங்கியது.
ஒதிலியா டார்ச் அடித்தாள்.
எண்ணெய்க்குள் மினுமினுவென்று வெள்ளித் தூள்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
அவள் விரலால் தொட்டு, கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தாள்.
நெருடவில்லை, பவுடர் மாதிரிதான்.
புதுசில் உரசி உரசி
இடம் பிடித்துக்கொள்ளும்போது உதிர்வதுதானே என்றாள்,
அடுத்த தடவை இவ்வளவு இருக்காது.

புது எண்ணெய் தேன் நிறத்தில் உள்ளே போனது.
அளவுக் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்து,
மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே என்று
இருவரும் ஒப்புக்கொண்டோம்.

டார்ச்சை அணைக்காமல் என் முகத்துக்குத் திருப்பினாள்.
அது சரி,
மூன்று வாரமாய் பன்னில்
கிரீஸ் வாடை அடிக்கிறதே, ஏன்?